எம்.எல்.ஏ.வுக்கு ஒரு பேரேடு

ஒரு வங்கிக் கிளையில் ஐம்பதாயிரம் ரூபாய் பயிர்க்கடன் கொடுக்கணும்னா எத்தனை கையெழுத்து விழும் தெரியுமா? வயலைப் போய்ப் பார்த்த கள அதிகாரி பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போடுவார். மேலாளர் அனுமதித்துப் போடுவார். தொகை அவருடைய அதிகாரத்தைத் தாண்டினால் வட்டார அலுவலகத்தில் இன்னும் இரண்டு மூன்று பேர். ஆறேழு வருஷம் கழித்து அந்தக் கடன் வாராக்கடன் ஆனாலும் ஆடிட்டர் கோப்பைப் பிரித்து, "இதை யார் அனுமதிச்சது?" என்று கேட்பார். பதில் தாளிலேயே இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் இதைத்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஏரி, ஓடை, வாய்க்கால் சம்பந்தப்பட்ட ஒரு சட்டம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறும்போது, 234 பேரில் யார் யார் 'ஆம்' சொன்னார்கள், யார் 'இல்லை' சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எந்தத் தாளிலும் இருக்காது.

2023 ஏப்ரலை எடுத்துக்கொள்வோம். அந்த மாதம் 5ஆம் தேதி, டெல்டாவில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய இடங்களில் நிலக்கரி எடுக்க ஒன்றிய அரசு ஏல அறிவிப்பில் சேர்த்ததை எதிர்த்துச் சட்டமன்றம் கட்சி பேதமில்லாமல் பேசியது. முதலமைச்சர் அனுமதிக்கவே மாட்டோம் என்றார். மூன்று நாளில் அந்த மூன்று இடங்களும் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. நாமெல்லாம் சந்தோஷப்பட்டோம், நியாயம்தான்.

அதே மாதம் 21ஆம் தேதி. கூட்டத்தொடரின் கடைசி நாள். தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்ட மசோதா வந்தது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பு, அதாவது சுமார் 247 ஏக்கர். அதற்குள் நீர்நிலையோ ஓடையோ வாய்க்காலோ இருக்கிறது. அங்கே பெரிய முதலீட்டுத் திட்டம் கொண்டுவருகிறவர், அதைச் 'சிறப்புத் திட்டம்' என்று அறிவிக்கும்படி அரசிடம் விண்ணப்பிக்கலாம். ஒரு நிபுணர் குழு ஒருங்கிணைப்புத் திட்டம் தயாரிக்கும். நில மாற்றமும் நடக்கும். நீர்நிலைக்குப் பாதுகாப்பு உண்டு என்பது அரசுத் தரப்பு. வரத்து வாய்க்காலைக் காகிதத்தில் இடம் மாற்றலாம், தண்ணீர் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு ஓடாது என்பது உழவர் தரப்பு. எனக்கு மூன்றே கால் ஏக்கர், ஏரியின் கடைமடையில் இருக்கிறது. நான் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே நான் சட்டத்தின் நன்மை தீமையைப் பேச வரவில்லை. அது எப்படி நிறைவேறியது என்பதைப் பாருங்கள். விரிவான விவாதம் இல்லை, குரல் வாக்கெடுப்பு, முடிந்தது. அன்றைக்கு அவையில் வேறொரு மசோதாவும் வந்தது: தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம். அதை ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. எதிர்த்தவர் யார் என்று மறுநாள் ஊருக்கே தெரிந்தது. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மே முதல் நாளே அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. நில மசோதாவோ அதே ஆண்டிலேயே சட்டமாகிவிட்டது. ஒரே நாள், ஒரே அவை, இரண்டு விதி.

குரல் வாக்கெடுப்பு என்றால் என்ன என்று நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். சபாநாயகர் தீர்மானத்தைப் படித்து, ஏற்பவர்கள் 'ஆம்' என்றும் மறுப்பவர்கள் 'இல்லை' என்றும் சொல்லும்படி கேட்பார். எந்தச் சத்தம் அதிகமோ அது வென்றதாக அறிவிப்பார். தலை எண்ணுவதில்லை, பெயர் எழுதுவதில்லை. இதில் சந்தேகம் இருந்தால் உறுப்பினர்கள் எண்ணிக் கணிக்கும் முறையைக் கேட்கலாம். டிவிஷன் என்பார்கள். அது நடக்க முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 2017 பிப்ரவரி 18 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பின்போது இதே அவையில் உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். 122க்கு 11. நாற்காலி ஆடும்போது எண்ணத் தெரிகிறது. ஏரி ஆடும்போது சத்தம் போதும் என்றாகிவிடுகிறது.

டெல்லியிலும் இதே கதைதான். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் சட்டங்கள் வந்தபோது எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்று சொல்லிக் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார்கள். அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் உழவர்கள் டெல்லி எல்லையில் உட்கார்ந்திருந்தார்கள். 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களை ரத்து செய்ததும் விவாதமில்லாமல், குரல் வாக்கெடுப்பில்தான். கொண்டுவந்தபோதும் பெயர் இல்லை, எடுத்தபோதும் பெயர் இல்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. 1970இல் தொடங்கிய 'லீக் ஆஃப் கன்சர்வேஷன் வோட்டர்ஸ்' என்ற அமைப்பு, சுற்றுச்சூழல் மசோதாக்களில் யார் எப்படி வாக்களித்தார் என்று பார்த்து ஒவ்வொரு உறுப்பினருக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறது. மாநிலச் சட்டமன்றங்களுக்கும் இப்படிப் போடுகிற அமைப்புகள் பல மாநிலங்களில் இருக்கின்றன. பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரிதான்.

அதை அப்படியே இங்கே இறக்கலாமா என்றால், முடியாது. இரண்டு காரணம். அங்கே நாடாளுமன்றத்தில் வந்திருப்பவர்களில் ஐந்தில் ஒரு பங்கு பேர் கேட்டாலே ஒவ்வொருவர் வாக்கும் பெயரோடு பதிவாக வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. இங்கே பெயர்ப் பதிவே அபூர்வம். இரண்டாவது, நம்முடைய கட்சித் தாவல் தடைச் சட்டம். 1985இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி, கட்சிக் கொறடா உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ பதவி போகும், பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னித்தால் தவிர. ஆக நம்ம எம்.எல்.ஏ.வின் வாக்கு அவருடையது அல்ல, கட்சியுடையது. அவருக்கு மதிப்பெண் போட்டால் கட்சிக்காரர் அத்தனை பேருக்கும் ஒரே மார்க்தான் வரும்.

அதனால் எங்கள் உழவர் குழுவில் ஒரு பேரேடு போட்டோம். இரண்டு பக்கக் கணக்கு. இடது பக்கம் கட்சிக்கு: நீர், நிலம், காடு, கனிமம் பற்றி வந்த மசோதா, அதில் கட்சி எடுத்த நிலை, டிவிஷன் கேட்டதா இல்லையா. வலது பக்கம் உறுப்பினருக்கு, கொறடா கட்டிப்போடாத காரியங்கள் மட்டும்: கேள்வி நேரத்தில் என்ன கேட்டார், கவன ஈர்ப்பு கொடுத்தாரா, மானியக் கோரிக்கை விவாதத்தில் நீர்வளத் துறை, சுற்றுச்சூழல் துறை பற்றி என்ன பேசினார், தொகுதி மேம்பாட்டு நிதியில் தூர்வாரலுக்கு எவ்வளவு, சமுதாயக் கூடத்துக்கும் நிழற்குடைக்கும் எவ்வளவு, குவாரிக்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்தாரா.

இந்த 'வெளிநடப்பு' விஷயத்தில் எங்களுக்குள்ளேயே ஒரு சண்டை வந்தது. 2020 பிப்ரவரி 20 அன்று காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் நிறைவேறியது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை அது தொடாது; திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் அதில் இல்லை. தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி அன்றைய எதிர்க்கட்சி கேட்டது, பிறகு வெளிநடப்புச் செய்தது. இதை எதிர்ப்பு என்று எழுதுவதா, வரவு வைப்பதா? நான் சொன்னேன்: வெளியே போனவர் வாக்களிக்கவில்லை, அதனால் வாக்குப் பத்தியில் பூஜ்யம், தேர்வுக் குழு கேட்டது நல்ல காரியம், அது வேறு பத்தியில் வரவு. வங்கிக்காரன் புத்தி என்று கிண்டல் செய்தார்கள். ஆனாலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

நோட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேர் எங்கள் தொகுதி உறுப்பினரைப் போய்ப் பார்த்தோம். மரியாதையாகத்தான் பேசினார். நில ஒருங்கிணைப்பு மசோதா பற்றிக் கேட்டதும், "ஐயா, அன்னைக்கு ஏகப்பட்ட மசோதா. கட்சி என்ன சொல்லுதோ அதைத்தானே நாங்க செய்ய முடியும்? உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்றேன். "அது இடது பக்கம். உங்களுக்குன்னு வலது பக்கம் ஒண்ணு இருக்கு, பாருங்க" என்று நீட்டினேன். ஒன்றரைப் பக்கம் காலியாக இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். எங்கள் குழுவில் இருக்கும் அக்கா ஒருத்தர், "எங்க ஏரி வரத்து வாய்க்கால் பத்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்க தம்பி, நாளைக்கே இதுல எழுதிடுறோம்" என்றார். அடுத்த கூட்டத்தொடரில் கேட்டார். பதில்: நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும். அதை நாங்கள் 'சந்தேகத்துக்குரிய கணக்கு' என்று வகைப்படுத்தி வைத்திருக்கிறோம்.

சிரிக்க வேண்டாம், அதற்கும் வசூல் வழி இருக்கிறது. அவையில் அமைச்சர் கொடுக்கும் வாக்குறுதி நிறைவேறியதா என்று பார்க்கவே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. பொதுமக்கள் நேரடியாக மனுக் கொடுக்க மனுக்கள் குழு இருக்கிறது. இந்தக் குழுக்கள் மாவட்டத்துக்கு ஆய்வுக்கு வரும்போது செய்தித்தாளில் சின்னதாக ஒரு அறிவிப்பு வரும். அதைக் கத்தரித்து வையுங்கள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இருவருமே அந்தக் குழுக்களில் உட்காருகிறார்கள். அவையில் பேச முடியாததை அங்கே கேட்கிற உறுப்பினர்களும் உண்டு.

பேரேட்டில் எழுதுவதற்கான தகவல் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. சட்டப்பேரவைச் செயலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போடலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கேள்வி சுருக்கமாக இருக்கட்டும்: இன்ன தொகுதி உறுப்பினர், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை, நீர்வளம், வேளாண்மை, சுற்றுச்சூழல், கனிமவளம் குறித்து அவையில் கேட்ட வினாக்கள், கொடுத்த கவன ஈர்ப்புகள், அவற்றின் மீதான பதில்கள். 'ஏன் கேட்கவில்லை' என்றெல்லாம் எழுதினால் அது தகவல் இல்லை என்று திருப்பிவிடுவார்கள். தொகுதி நிதிக் கணக்குக்கு மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை.

எழுதி வைத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு மேலூர்ப் பக்கத்து உதாரணம். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கனிமச் சட்டத்தைத் திருத்தி, டங்ஸ்டன் உட்பட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்கே கொடுத்தது. அப்போது நம் ஊரில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு மதுரை நாயக்கர்பட்டி ஏலம் வந்தது. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமான அரிட்டாபட்டியும் அந்தப் பரப்பில் வந்தது. ஊர்கள் எழுந்தன. 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் அதை ரத்து செய்யக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அன்றைக்கு அவையில் பெரிய வாக்குவாதமே, 2023இல் நாடாளுமன்றத்தில் எந்தக் கட்சி என்ன செய்தது என்பதுதான். ஒருவரை ஒருவர் மறுக்கலாம், அவைக் குறிப்பை மறுக்க முடியாது. அடுத்த மாதமே ஏலம் ரத்தானது. அது மக்கள் நடையாய் நடந்து வாங்கியது, குறிப்பால் மட்டும் வந்ததில்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டிய நிலைக்குக் கட்சிகளைத் தள்ளியதில் அந்தக் குறிப்புக்கும் பங்கு உண்டு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். சட்டம் நிறைவேறியதோடு கணக்கை மூடிவிடாதீர்கள். 2003இல் தமிழ்நாட்டில் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. முழுமையாக நடைமுறைக்கு வராமலேயே 2013இல் ரத்து செய்யப்பட்டது. வாக்கை மட்டும் எண்ணியிருந்தால் 2003இல் எல்லோருக்கும் நல்ல மார்க் போட்டிருப்போம். 2023இல் வந்த நம் அங்ககக வேளாண்மைக் கொள்கையும் ஒரு வகையில் இப்படிக் கவனிக்க வேண்டியது. கொள்கை என்பதால் அதற்கு வாக்கெடுப்பே கிடையாது. ஒவ்வொரு ஆண்டும் வேளாண் பட்ஜெட்டில் அதற்கு என்ன ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று எழுதினால்தான் உண்டு.

தொடங்குகிறவர்களுக்கு: முதலில் ஒரே தொகுதி, ஒரே ஆண்டு. பட்ஜெட் கூட்டத்தொடரில் மானியக் கோரிக்கைத் தேதிகள் முன்கூட்டியே வெளியாகும். நீர்வளம், வேளாண்மை, சுற்றுச்சூழல், கனிமவளம், வருவாய் ஆகிய ஐந்து நாள்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தந்தத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் படியுங்கள். உங்கள் உறுப்பினருக்கு ஒரு வாரம் முன்பே இரண்டு கேள்வி எழுதித் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையோடு. கடைசி நாளில் அவசரமாக மசோதா வந்தால் டிவிஷன் கேளுங்கள் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஒப்புகை அட்டை திரும்பி வந்ததும் அதைப் பேரேட்டின் வலது பக்கத்தில் பசை போட்டு ஒட்டுங்கள், தேதி தெரியும்படி.