காலும் நிலமும்

கோலார் தங்கவயலின் நந்திதுர்க்கில், 2001ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கு நிலம் ஒரே சீரானதன்று. ஓரிடத்தில் பாறை, மற்றோரிடத்தில் உருளும் சிறுகற்கள், மழைக்குப்பின் வழுக்கும் மண். இத்தகைய நிலத்தில் ஓடிப் பயில்வோர் காலணியை ஆராய்ந்து வாங்குதல் வேண்டும்.

“வளரும் பிள்ளை” எனப் பெரிய காலணி வாங்குவது வழக்கம். சரிவில் இறங்கும்போது பாதம் அதனுள் முன்னோக்கி வழுக்கும். விரல் முட்டி நகம் கறுக்கும். குதிகால் உரசிக் கொப்புளம் எழும். மிச்சமென எண்ணிய பணம் வீணாகும்.

மாலையில் பாதம் சற்றே வீங்கியிருக்கும். அப்போது காலுறையுடன் அணிந்து பார்த்தல் நன்று. நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், குதிகால் நழுவலாகாது.

தடித்த மெத்தை கடுந்தரையின் அதிர்ச்சியைத் தாங்கும். ஆயினும், உயரம் மிகுந்தால் மேடுபள்ளத்தில் கணுக்கால் பிசகக்கூடும். சேற்றுக்கு ஆழமான பற்களும், பாறைக்கு ஆழம் குறைந்த, நன்கு பற்றும் ரப்பர் அடியும் ஏற்றவை.

சயனைடு மேடுகள் எனப்படும் சுரங்கக் கழிவுக் குன்றுகளில் எக்காலணி அணிந்தும் ஓடலாகாது. அவற்றின் நுண்தூசி மூச்சுக்குக் கேடு.

காலும் நிலமும் முதலில். நிறமும் விலையும் பிறகு.

பயிற்சி: பெரிய காலணியால் சரிவில் விளையும் தீங்குகள் இரண்டனை எழுதுக.