முகத்தில் அணியும் திரை

கண்முன் இல்லாத இடத்தை இருப்பதுபோலவே காட்டுவது மெய்நிகர் தொழில்நுட்பம். 1968ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லாந்து, தலையில் அணிந்து பார்க்கும் கருவியொன்றை உருவாக்கினார். தலையின் அசைவை அளக்கும் இயந்திரக் கை, ஆய்வகக் கூரையிலிருந்து தொங்கியது. அந்த வழியில் வந்ததே, ஆப்பிள் நிறுவனம் 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொணர்ந்த 'விஷன் புரோ'. அதன் விலை 3,499 டாலர். எடை 600 கிராமுக்கு மேல். மின்கலமோ தனியே கம்பியில் இணைந்து, ஏறத்தாழ இரண்டு மணி நேரமே உழைத்தது.

இத்தகைய கருவி எளிய மக்களின் இல்லம் புகுமா? விலையே தடை என்று கூறிவிடுதல் எளிது. ஆனால், 1983இல் மோட்டோரோலா அறிமுகப்படுத்திய கைபேசியின் விலை 3,995 டாலர்! அதில் அரைமணி நேரமே பேச இயலும். ஆயினும், தொலைவில் இருப்பவரோடு நின்ற இடத்திலிருந்தே பேச வேண்டும் என்னும் தேவை மக்களிடம் முன்பே இருந்தது. ஆகவே, விலை இறங்க இறங்க அது எல்லார் கைக்கும் வந்தது. மெய்நிகர் கருவியின் விலையும் இறங்காமல் இல்லை. 2020இல் வெளிவந்த 'குவெஸ்ட் 2' 299 டாலருக்கே கிடைத்தது. எனினும், பெரும்பாலும் விளையாட்டுக் கருவியாகவே நின்றது.

விமானிகளின் பயிற்சி போன்ற பணிகளுக்கு இது பெரிதும் உதவும். வீட்டிலோ, அணிந்தவர் அருகிலிருப்போரிடமிருந்து விலகிவிடுகிறார். இக்குறையை ஆப்பிள் நிறுவனமும் உணர்ந்திருக்க வேண்டும். அணிந்தவரின் கண்களை எதிரிலிருப்போர்க்குக் காட்டவென்றே முன்புறத்தில் மற்றொரு திரையைப் பொருத்தியது.