மேலே எழும்பாத விமானத்துக்கு நஷ்டஈடு உண்டா?

கேள்வி: என் தம்பி சங்கு குளிக்கிற தொழிலாளி. வாகைக்குளம் விமான நிலையத்தில் சென்னைக்குச் சின்ன விமானம் ஏறினான். ஓடுபாதையில் வேகம் எடுத்த விமானத்தைத் திடீரென்று பிரேக் போட்டு நிறுத்திவிட்டார்கள். முன்சீட்டில் தோள் இடித்துவிட்டது. அன்று சாயங்காலம் வேறு விமானத்தில் போனான்; அதன்பிறகு இடது காதில் ஒரே இரைச்சல். தோளில் தசைநார் கிழிந்திருப்பதாக ஸ்கேனில் தெரிகிறது. "விமானம் எழும்பவே இல்லை, இது விபத்தில்லை" என்கிறார்கள் விமான நிறுவனத்தார். டிக்கெட் பணத்தைத் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?
- வாசகி, திரேஸ்புரம்

பதில்: போட வேண்டாம். இத்தகைய தாள்களில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். டிக்கெட் பணத்துக்கு மட்டும் தனி ரசீது கொடுங்கள்.

விமானம் எழும்பினால்தான் விபத்து என்று 1972-ஆம் ஆண்டின் 'கேரேஜ் பை ஏர்' சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஏறுவதில் தொடங்கி இறங்கி முடிக்கும்வரை நடக்கும் விபத்தில் பயணிக்கு உடல் காயம் பட்டால் நிறுவனம் பொறுப்பு. 2018 அக்டோபரில் திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய விமானம், சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டே மேலேறி, 136 பேருடன் மும்பையில் பத்திரமாக இறங்கியது. அடிவயிறு கிழிந்த விமானம். ஆனால் யாருக்கும் காயமில்லை. உங்கள் தம்பி விஷயம் நேர் எதிர். சட்டம் பார்ப்பது பயணியின் உடம்பை.

தோளுக்கு வழக்கு பலமானது. காதுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். 'விபத்து' என்றால் பயணிக்கு வெளியே நடந்த, வழக்கத்துக்கு மாறான நிகழ்வாக இருக்க வேண்டும் என்று 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏர் பிரான்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே விமானத்தில் காது கேட்காமல் போன ஒரு பெண்ணுடையதுதான். காற்றழுத்தக் கருவி சரியாகவே வேலை செய்ததால் அது விபத்தாகாது என்றார்கள். நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் நீட்டுவார். சாயங்கால விமானம் ஒழுங்காகப் பறந்தது. தம்பியோ கடலுக்குள் மூழ்கி மூழ்கிக் காதைக் கெடுத்துக்கொள்ளும் தொழில்காரர். தொழிலை மறைக்காதீர்கள், மறைத்தால் தோள் வழக்கும் சேர்ந்து கெடும். பிரேக் போட்டபோது தலையும் மோதியதா? அதனால்தான் இரைச்சல் என்று காது மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் காதையும் சேருங்கள். சீட் பெல்ட் போட்டிருந்தாரா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. போடாதிருந்தால் தொகை குறையும்.

உள்நாட்டுப் பயணத்துக்கு, 2014 அறிவிக்கைப்படி 20 லட்சம் ரூபாய் வரை நிறுவனத்தின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் கேட்டால், தன் கவனக்குறைவு இல்லை என்று காட்டி அது தப்பிக்கலாம். ஆனால் 20 லட்சம் என்பது தானாகக் கிடைக்கும் தொகை அல்ல. கிடைப்பது, பட்ட நஷ்டத்துக்கு மட்டும். அங்கேதான் சிக்கல். சங்கு குளிப்பவருக்கு ஏது சம்பளச் சீட்டு? வியாபாரி தந்த எடைச் சீட்டு, வள்ளக்காரரின் பங்குக் கணக்கு நோட்டு, வங்கிப் பாஸ்புக், உடன் குளிப்பவர் இருவரின் வாக்குமூலம் இவற்றைச் சேர்த்துவையுங்கள். தோளைத் தூக்க முடியாதவர் இனி குளிக்க முடியாது என்று எலும்பு மருத்துவர் எழுதித் தரும் சான்று எல்லாவற்றையும்விட முக்கியம்.

சென்னைக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் சட்டப்படி, குடியிருக்கும் ஊரிலேயே, தூத்துக்குடி மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். எந்த ஆணையம் என்பதை முடிவுசெய்வது டிக்கெட் விலை, கேட்கும் நஷ்டஈடு அல்ல. விமான விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். யார் மேல் தவறு என்று தீர்ப்பது அவர்கள் வேலையில்லை. சென்னை போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமையே போய்விடும். போர்டிங் பாஸை இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவையுங்கள், அந்த மசி சீக்கிரம் மங்கிவிடும்.