கணக்குப் புத்தகம் நம் கையிலும் இருக்கட்டும்

நிவாரணப் பணி என்றதும் நம் கண்முன் வருவது லொறியும் அரிசி மூட்டையும் தறப்பாளும்தான். அந்த லொறி முகாம் வாசலுக்கு வருமுன் பல மேசைகளைக் கடந்து வருகிறது. அம்மேசைகளில் யார் என்ன எழுதுகிறார்கள், ஏன் எழுதுகிறார்கள் என்பதை வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்த ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு உதவியின் நிதியும் நிர்வாகமும் எவ்வாறு நடைபெறுகின்றன, அதில் நமது பங்கு என்ன என்பதே இப்பாடம்.

1. எழுத்தின் பலம்

மலையக மக்களுக்குக் கணக்கு புதிதல்ல. பசறை, ஸ்பிரிங்வெளி என நமுனுகுல மலையைச் சூழ்ந்த தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ஒவ்வொரு பெண்ணும் தராசு முள்ளைப் பார்க்கிறாள். கிலோ எவ்வளவு எழுதப்பட்டது என்று கேட்கிறாள். எழுதப்படாத கொழுந்துக்குச் சம்பளம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

நம் முன்னோரைக் கட்டிப்போட்டதும் ஓர் எழுத்துத்தான். "துண்டு" என்ற கடன் சீட்டு தொழிலாளியின் கடனைக் காட்டியது. அக்கடனைத் தீர்ப்பவரே அவரை அடுத்த தோட்டத்திற்கு எடுத்துக்கொள்ள முடிந்தது. வாசிக்கத் தெரியாத சீட்டினால் மனிதர் கட்டுப்பட்டுக் கிடந்தனர். 1921ஆம் ஆண்டிலேயே அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மற்றவர் எழுதிய கணக்கு நம்மைக் கட்டும். நாமும் பார்த்து எழுதிய கணக்கு நம்மைக் காக்கும். இதை மனதில் வைத்து மேலே படிப்போம்.

2. இடாப்பு இல்லாத இடத்தில்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது. காணாமற்போனோர் நூறு பேர் என்றும், இருநூறு பேர் என்றும், முந்நூறுக்கு மேல் என்றும் முதல் நாட்களில் மாறி மாறிச் சொல்லப்பட்டது. வீட்டோடு அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் வங்கிப் புத்தகமும் மண்ணுக்குள் போயின. தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பின்னர் தற்காலிக இடங்களிலும் தங்கினர். 75 வீடுகள் கட்டி முடித்துக் கையளிக்கப்பட்டது 2016இல்தான்.

இத்தகைய வேளையில் உதவி வரும். ஆனால் யாருக்கு என்ற கேள்விக்குப் பதில் இடாப்பில் இருக்க வேண்டும். லயத்துக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. ஒரே முகவரியில் பல குடும்பங்கள் இருக்கும். அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் வேறொரு பெயர் என்பதும் உண்டு. ஓர் எழுத்து மாறினால் ஒரு குடும்பம் விடுபட்டுப் போகலாம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் பதுளை மாவட்டத்திலும் மண்சரிவுகளை உண்டாக்கிப் பல உயிர்களைக் கொண்டது. ஆகவே இது பழைய கதை அல்ல.

3. பணம் வரும் வழி

வெளிநாட்டில் உள்ள நிறுவனம் தன் நாட்டு மக்களிடமோ அரசிடமோ பணம் பெறுகிறது. பெறும்போதே எதற்குச் செலவிடுவோம் என்று வரவு செலவுத் திட்டம் எழுதிக் கொடுக்கிறது. அதன்படி ஓர் ஒப்பந்தம், ஒரு முடிவுத் திகதி. இங்கே வந்ததும் பணம் ரூபாவாக மாறுகிறது. நிதிப் பொறுப்பாளர் காசேடு, வவுச்சர், பற்றுச்சீட்டு, பொருள் இருப்பு இடாப்பு ஆகியவற்றைப் பேணுகிறார். இறுதியில் கணக்காய்வாளர் வந்து ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்.

இதில் மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு.

முதலாவது: "பணம் இருக்கிறதே, கூரைத் தகரம் வாங்கித் தரக்கூடாதா?" பிள்ளைகளின் உணவுக்கென்று தரப்பட்ட பணத்தைத் தகரத்துக்குச் செலவிட நிறுவனத்துக்கு உரிமை இல்லை. ஆனால் தேவை மாறிவிட்டது என்று காட்டி, பணம் தந்தவரிடம் எழுத்தில் அனுமதி கேட்கலாம். அதற்கு முகாம் குழுவின் கடிதம் நல்ல ஆதாரம். முடிவுத் திகதி நெருங்கிய பின் கேட்டுப் பயனில்லை. செலவாகாத பணத்தைத் திருப்பி அனுப்ப நேரலாம். ஆகவே தேவை தெரிந்த அன்றே எழுத வேண்டும்.

இரண்டாவது: "டொலர் ஏறினால் மிச்சம் யாருக்கு?" 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. 10,000 டொலர் முன்பு 20 இலட்சம் ரூபா, பின்பு 36 இலட்சம் ரூபா. அரிசி, டீசல், சீமெந்து எல்லாமே விலை ஏறியதால் பெரும் இலாபம் என்று சொல்வதற்கில்லை. எனினும் கூடுதலாக வந்த 16 இலட்சமும் காசேட்டில் ஏற வேண்டும். அதுவும் ஒப்பந்தப்படி அதே பணிக்கு உரியது.

4. மூன்று கைகள்

நல்ல நிர்வாகத்தின் அடிப்படை விதி எளியது. பொருள் வேண்டும் என்று கேட்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் இன்னொருவர், பொருளை எண்ணிப் பொறுப்பேற்பவர் வேறொருவர். மூன்றும் ஒரே கையில் இருந்தால், அவர் எவ்வளவு நல்லவரானாலும் சந்தேகம் பிறக்கும். காசோலைக்கு இரண்டு கையொப்பம், பெரிய கொள்வனவுக்கு மூன்று கடைகளின் விலைமனு என்பனவும் இதற்காகவே. இவற்றால் சில நாள் தாமதம் ஏற்படும். ஆனால் மழையில் நனைந்து நிற்கும் குடும்பத்துக்கு மூன்று விலைமனுக்களைக் காட்டிப் பயனில்லை. எனவே அனுபவமுள்ள நிறுவனங்கள் அவசரக் காலத்துக்கென்று சுருக்கமான விதிகளை முன்கூட்டியே எழுதி வைக்கின்றன. விதியைக் கைவிடுவது வேறு, சுருக்குவது வேறு.

திருமறையில் இதற்கு முன்மாதிரி உண்டு. கிலவுதியு பேரரசன் காலத்துப் பஞ்சத்தின்போது அந்தியோக்கியாவின் சீடர்கள் அவரவர் வசதிக்கேற்பப் பணம் சேர்த்து, பர்னபா, சவுல் ஆகிய இருவர் கையில் யூதேயாவுக்கு அனுப்பினர். பின்னர் எருசலேமின் ஏழைகளுக்காகக் காணிக்கை திரட்டியபோது பவுல் அதைத் தனியே எடுத்துச் செல்லவில்லை. தீத்துவோடு சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் சேர்த்து அனுப்பினார். பெருந்தொகையைக் கையாளும்போது யாரும் குறை கூற இடமிருக்கக் கூடாது என்பதே அவர் தந்த காரணம். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் 8ஆம் அதிகாரத்தில் இதைக் காணலாம். எருசலேமில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்தபோது, திருத்தூதர்கள் முறைப்பட்டோரைக் கண்டிக்கவில்லை. சீடர்கள் தெரிந்தெடுத்த ஏழு பேரிடம் பந்திப் பொறுப்பை ஒப்படைத்தனர். முறைப்பாடு நிர்வாகத்தைத் திருத்தியது.

5. கணக்கு யாருக்குச் சொல்லப்பட வேண்டும்?

பணம் தந்தவருக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1994இல் செஞ்சிலுவைச் சங்கங்களும் அரச சார்பற்ற நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவை, உதவி தருபவர், பெறுபவர் ஆகிய இரு சாராருக்கும் தாம் பொறுப்புச் சொல்லக் கடமைப்பட்டுள்ளதாக ஒப்புக்கொள்கிறது. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. பிரதேச செயலகம் மட்டுமன்றி, அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசிடமிருந்தோ சர்வதேச நிறுவனத்திடமிருந்தோ கணிசமான நிதி பெற்று மக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனமும், அச்சேவை தொடர்பில் இச்சட்டத்துக்கு உட்படும். எழுத முடியாதவர் வாயால் கேட்கலாம்; தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடும் செய்யலாம்.

இடம்பெயர்ந்தோரால் நிர்வாகத்தை நடத்த முடியுமா என்று சிலர் ஐயுறலாம். 1984இல் தமிழ்நாட்டில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை ஏற்படுத்தியவர்கள் அகதிகளாகச் சென்றவர்களே. முகாம்களில் கல்வி, சுகாதாரம் முதலிய பணிகளை அகதிகளே முன்னின்று நடத்தினர். வீட்டை இழந்தவர் திறமையை இழந்தவர் அல்லர்.

6. நாம் செய்யக்கூடியவை

அ) ஒவ்வொரு குடும்பமும் ஓர் அப்பியாசக் கொப்பி வைத்திருக்கட்டும். திகதி, பொருள், அளவு, தந்தவர், எதில் கையொப்பமிட்டோம் என ஐந்து கோடுகள் போதும். பாடசாலை செல்லும் பிள்ளை எழுதலாம்.

ஆ) வெற்றுத் தாளில் கையொப்பமோ கைநாட்டோ வைக்க வேண்டாம். 10 கிலோ என்று எழுதியிருந்து 8 கிலோ கிடைத்தால், 8 என்று திருத்திய பின்னரே கையொப்பம்.

இ) அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்களின்படியே இடாப்பிலும் பெயர் எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். கணவர் கொழும்பில் வேலை செய்தால் மனைவியின் பெயரும் இருக்கட்டும்.

ஈ) முகாம் குழுவில் மூவர் கணக்குப் பொறுப்பேற்கட்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். லொறி வந்தால் சாரதியின் சீட்டோடு ஒப்பிட்டு எண்ணி, தொகையைச் சுவரில் எழுதி ஒட்டட்டும்.

உ) பத்திரங்களின் பிரதிகளை பொலித்தீன் உறையில் இட்டு, வேறு ஊரில் உள்ள உறவினரிடமோ பங்குப் பணிமனையிலோ ஒரு தொகுதி வையுங்கள்.

கேட்பதால் உதவி நின்றுவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. நேர்மையாகப் பணிபுரியும் நிறுவனத்துக்கு நம் கொப்பியே சாட்சி. நேர்மை குறைந்தவருக்கு அதுவே தடை. இரண்டிலும் நமக்கு நட்டமில்லை.

கலந்துரையாடலுக்கு

1. சென்ற மூன்று மாதங்களில் நமக்குக் கிடைத்தவை எவை? அவற்றை யாராவது எழுதி வைத்துள்ளார்களா?
2. நமது முகாமில் அல்லது குடியிருப்பில் இடாப்பில் விடுபட்ட குடும்பம் உண்டா? அவர்களுக்காக யார் கடிதம் எழுதுவது?
3. கேட்பது, பணம் கொடுப்பது, பொறுப்பேற்பது ஆகிய மூன்றும் நமது குழுவில் யார் யார் கையில் உள்ளன?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குடும்பமும் கொப்பியின் முதற் பக்கத்தை எழுதிக்கொண்டு வரட்டும்.