சாப்பிடும் சிலேடை

அன்பின் மாணவிக்கு,

உன் கடிதமும், சீன உணவுகளின் பொருள் என்று கைபேசியில் பார்த்து நீ எழுதி அனுப்பிய பட்டியலும் கிடைத்தன. மீன் என்றால் செல்வம், நூடுல்ஸ் என்றால் நீண்ட ஆயுள், கடலட்டை என்றால் மகிழ்ச்சி. பட்டியலுக்குக் கீழே ஒரு கேள்வி: "எங்கட வாடியில அவிக்கிற அட்டைக்கும் மகிழ்ச்சிக்கும் என்ன சம்பந்தம் சேர்? ஆம்பிளையளின்ர பலத்துக்குத்தான் சீனர் வாங்கிறாங்கள் எண்டு கரையில சொல்லுகினமே?"

கேள்வி நல்ல கேள்வி. பட்டியல்தான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. இதற்கு இது பொருள் என்று இரண்டு நிரலாக எழுதிவிட்டு, ஏன் அந்தப் பொருள் வந்தது என்று ஒரு சொல்கூடச் சொல்லாத பட்டியலை மனனம் செய்வது படிப்பல்ல. உயர்தரத்தில் தமிழ் படிக்கிற நீ அதை அப்படியே நம்பக்கூடாது.

கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளக் கூடியவற்றை முதலில் தள்ளிவைப்போம். நீண்ட நூடுல்ஸ் நீண்ட ஆயுள். தோணிபோல் வளைந்த கொழுக்கட்டை, பழைய காலத்து வெள்ளிக் கட்டியின் வடிவம். பொங்கலன்று பால் பொங்கினால் வாழ்வு பொங்கும் என்கிற நமக்கு இவற்றை யாரும் விளக்க வேண்டாம்.

மீன் அப்படியல்ல. சீனத்தில் மீனுக்கு 'யூ' என்று பெயர். 'மிச்சம்' என்பதற்கும் அதே 'யூ'தான், ஏற்ற இறக்கம்கூட மாறாது. ஆகவே புத்தாண்டு விருந்தில் மீனை முழுவதும் தின்று தீர்ப்பதில்லை. மறுநாளைக்கு மிச்சம் வைக்கிறார்கள். வரும் ஆண்டிலும் மிச்சம் இருக்கட்டும் என்பது வேண்டுதல். அந்தப் பொருள் மீனின் செதிலிலும் இல்லை, சதையிலும் இல்லை. பெயரின் ஓசையில் இருக்கிறது. புத்தாண்டில் தின்னும் ஒட்டரிசிமாப் பலகாரத்தின் பெயரும் 'ஆண்டுக்கு ஆண்டு உயர்வு' என்று காதில் விழுகிறது. 'நாலு' என்ற எண் அவர்களுக்கு ஆகாது, ஏனென்றால் அது 'சாவு' என்ற சொல்லை ஒத்து ஒலிக்கும்.

இதை மூடநம்பிக்கை என்று சொல்லிவிடாதே. நன்னூலில் தகுதி வழக்கு மூன்று என்று படித்தாயே: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சுடுகாட்டை நன்காடு என்றது மங்கலம். வீட்டைவிட்டு இறங்கும்போது உன் அம்மா "போறன்" என்று சொல்லமாட்டார், "போயிற்று வாறன்" என்பார். சொல்லுக்கு ஒரு விளைவு உண்டு என்று நாமும் நம்பித்தான் வாழ்கிறோம். நாம் கெட்ட சொல்லை நல்ல சொல்லால் மூடுகிறோம். அவர்கள் நல்ல சொல்லைத் தேடிப் பிடித்து, தட்டில் வைத்து, மென்று விழுங்குகிறார்கள்.

பல வருடமாக எனக்குள் கிடக்கும் ஒரு கருத்தைச் சொல்கிறேன். காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை பாடினார். நம் சிலேடை புலவரின் வித்தையாகவே நின்றுவிட்டது, அடுப்படிக்கு வரவில்லை. சீனர் சிலேடையைச் சமைத்தார்கள். காரணம் மொழியின் அமைப்பு. பெய்ச்சிங் பேச்சில் ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஏறக்குறைய 400 அசைகள்தான், எடுத்தால் சுமார் 1,300. ஒரு மொழியின் சொற்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டுமென்றால் ஒவ்வோர் ஓசைக்கும் எத்தனை பொருள் சேரும் என்று யோசித்துப் பார். தமிழில் நாம் ஒட்டுக்குமேல் ஒட்டுச் சேர்த்துச் சொல்லை நீட்டுகிறோம், ஆகவே சொற்கள் இலகுவில் மோதிக்கொள்வதில்லை. காளமேகத்துக்குத் திறமை தேவைப்பட்டது. சீனப் பாட்டிக்குச் சந்தைக்குப் போனால் போதும்.

இப்போது உன் அட்டைக்கு வருகிறேன். வடசீனப் பேச்சில் அதன் பெயர் 'ஹாய் ஷென்', கடல் ஜின்செங் என்று பொருள். ஜின்செங் உடம்புக்குத் தெம்பு தரும் வேர். ஆண்களின் பலம் பற்றிக் கரையில் உலவும் கதைக்கு இந்தப் பெயரில் ஓர் இடம் உண்டு. ஆனால் உலர் கடலுணவு பெருமளவில் கைமாறும் ஹொங்கொங்கில் பேசுவது கன்ரனீஸ். அங்கே அதே பெயரை 'ஹொய் சாம்' என்பார்கள். மகிழ்ச்சிக்கும் அங்கே 'ஹொய் சாம்'தான், முதல் அசையில் குரல் சற்று மாறும், அவ்வளவுதான். 'மனம் திறத்தல்' என்பது அதன் நேர்ப்பொருள். எந்த வாய் சொல்கிறது, எந்தக் காது கேட்கிறது என்று தெரியாமல் பொருள் சொல்லவே முடியாது. உன் பட்டியல் மறைத்தது இதைத்தான்.

முன்னொரு காலத்தில் நம் தீவுக்கு வந்த சீனர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. கொழும்பு அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. செங் ஹோ என்ற சீனக் கடற்தளபதியின் கல். 1409ஆம் ஆண்டு என்று திகதியிட்டது, 1911இல் காலியில் கிடைத்தது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. முதல் தடவை அந்தத் தமிழ் எழுத்துகளுக்கு முன்னால் நின்றபோது எனக்குக் கண் கலங்கிற்று. ஒவ்வொரு கடவுளிடமும் அவரவர் காதுக்கு எட்டும் மொழியிலேயே பேச வேண்டும் என்று எண்ணியவர்கள் அவர்கள். அட்டையை அவித்து, மணலில் புதைத்து, தேய்த்து உலர்த்தும் முறையை நம் கரைகளுக்குக் கற்றுத்தந்ததும் சீனரே என்று நூல்கள் சொல்கின்றன. நம்மவர் அதை வாயில் வைப்பதில்லை, தொழில் மட்டும் தங்கிவிட்டது.

இன்னொரு சிலேடையும் உண்டு, அதை நினைத்தால் எனக்கு நிம்மதியில்லை. கன்ரனீஸ்காரர் புத்தாண்டில் தலைமயிர் போன்ற ஒரு கரும்பாசியைத் தின்பார்கள். 'ஃபாட் சோய்' என்ற அதன் பெயர் 'செல்வம் பெருகுக' என்ற வாழ்த்தாகவும் ஒலிக்கும். அது கடற்பாசியல்ல, கோபிப் பாலைவனப் பக்கத்துத் தரையில் வளர்வது. வாரி வாரி எடுத்ததில் மண் பிடிப்பிழந்தது. 2000இல் சீன அரசே அதைச் சேகரிப்பதையும் விற்பதையும் தடைசெய்தது. அடுத்த வருடம், 2001இல், எதிர்க்கரையில் இந்தியா அட்டை பிடிப்பதைத் தடைசெய்தது. நம் பக்கத்தில் அனுமதிப்பத்திரம் பெற்றுப் பிடிக்கலாம். வெள்ளை அட்டையை உலகளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். எங்கேயோ ஒரு விருந்தில் இரண்டு அசை ஒன்றுபோல ஒலிப்பதாலும் மன்னார்க் கடலின் அடித்தரை வெறுமையாகிறது. பட்டியல் எழுதியவர்கள் இதையும் ஒரு நிரலில் சேர்த்திருக்க வேண்டும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். வாடியில் அட்டையை இனம் பிரிக்கும்போது உன் அப்பாவும் மற்றவர்களும் ஒவ்வொரு வகைக்கும் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி அனுப்பு. பேசாலைக்காரர் ஒரு பெயரும் சிலாவத்துறைக்காரர் வேறு பெயரும் சொன்னால் இரண்டையும் எழுது, யார் வாயில் கேட்டாய் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்