எல்லாருக்கும் கிடைக்குது... எனக்கு மட்டும்?

ராத்திரி பத்தரை மணி. பாத்திரம் கழுவியாச்சு, பிள்ளைகள் படுத்தாச்சு. 'அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுத் தூங்கலாம்' என்று செல்போனைக் கையில் எடுக்கிறீர்கள். ஓர்ப்படி குடும்பத்தோடு ஊட்டிக்குப் போன படம். கூடப் படித்தவளின் கிரகப்பிரவேசம். எதிர்வீட்டுப் பையனுக்குப் பெரிய காலேஜில் இடம். 'ரொம்ப சந்தோஷம்' என்று எல்லாருக்கும் ஒரு வரி தட்டிவிடுகிறீர்கள். ஆனால், அடிவயிற்றில் என்னவோ பிசைகிறது. மணி பதினொன்றரை. கண் எரிகிறது, தூக்கம் மட்டும் வரவில்லை. 'நான்தான் எதுக்கும் லாயக்கில்லாம உட்கார்ந்திருக்கேன்' என்று உள்ளே ஒரு குரல்.

உங்களுக்கும் இப்படி உண்டா? வெட்கப்படவே வேண்டாம். நெஞ்செரிச்சல், தலைபாரம், தூக்கமின்மை என்று என்னிடம் வருகிறவர்களில் பலரிடம் கொஞ்சம் பொறுமையாகப் பேச்சுக் கொடுத்தால், கடைசியில் இந்த இரண்டும் வெளியே வரும். ஒன்று, 'எனக்கு மட்டும் விட்டுப்போயிடுமோ' என்ற பயம். இன்னொன்று, தன்னைத்தானே கரித்துக் கொட்டுகிற பழக்கம். இவை இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்று வந்தால் பின்னாலேயே மற்றொன்றும் வந்துவிடும்.

பயம் எங்கிருந்து வருகிறது?

லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1954-லேயே இதைப் பற்றி எழுதினார். 'நான் சரியாக இருக்கிறேனா?' என்று அளந்து பார்க்கத் தராசு எதுவும் இல்லாதபோது, மனிதன் அடுத்தவனைத்தான் தராசாக வைத்துக்கொள்கிறான். அதிலும், தன்னைப் போன்றவர்களோடுதான் அதிகம் ஒப்பிடுகிறான் என்றார் அவர்.

யோசித்துப் பாருங்கள். கோடீஸ்வரரின் மாளிகையைப் பார்த்து நமக்கு வயிறு எரிவதில்லை. அதே ஆபீஸில், அதே சம்பளத்தில் வேலை பார்ப்பவர் மாடி எடுத்துக் கட்டினால்தான் தூக்கம் போகிறது. காரணம் இதுதான்.

அந்தக் காலத்தில் இந்த ஒப்பீடு கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் வருஷத்துக்கு நாலு தடவை நடக்கும். இப்போது கைக்குள்ளேயே, நாள் முழுக்க நடக்கிறது. வாட்ஸ்அப்பில் 'ஸ்டேட்டஸ்' படம் போடும் வசதி 2017-ல் வந்த பிறகு, யார் எங்கே போனார்கள், என்ன வாங்கினார்கள் என்பதெல்லாம் நம் தலையணைக்கே வந்து சேருகிறது. அதில் கடன் தவணை வருவதில்லை. கணவன் மனைவி சண்டை வருவதில்லை. அடுத்தவர் வீட்டு வாசல் கோலத்தையும் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தையும் ஒப்பிட்டால் எந்த வீடு அழகாகத் தெரியும்?

ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்தப் பயத்தை அளந்து, 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தன் விருப்பப்படி நடக்க முடிகிறது, தனக்குத் திறமை இருக்கிறது, தனக்கென்று நாலு பேர் இருக்கிறார்கள் என்ற மூன்று நிறைவும் குறைவாக உள்ளவர்களிடம்தான் இந்தப் பயம் அதிகம் என்று அதில் தெரிந்தது. ஆக, பசித்தவன் கண்ணுக்குத்தான் பலகாரக் கடை பெரிதாகத் தெரிகிறது. பேராசைக்காரர் என்று உங்களை நீங்களே முத்திரை குத்திக்கொள்ள வேண்டாம். எங்கே பசி என்று பாருங்கள்.

பயம் பணத்தையும் தின்னும்

இது வெறும் மனக்குறை மட்டும் இல்லை. 1990-களில் அதிக வட்டி தருவதாகச் சொல்லித் தெருவுக்குத் தெரு நிதி நிறுவனங்கள் முளைத்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அவற்றில் பல மூடிப் போனதால், பணம் போட்டவர்களைக் காப்பாற்றத் தமிழக அரசு 1997-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தபோதும் இதே கதைதான். 'பக்கத்து வீட்டுக்காரர் போட்டுட்டார், நாம விட்டுட்டா போயிடும்' என்ற அவசரம்தான் பலரையும் இழுத்தது.

ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மா என்னிடம் வந்தார். மூன்று மாதமாக நெஞ்செரிச்சல், பசியில்லை, விடிய விடியத் தூக்கமில்லை. கணவர் ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் பாதியை, தெருவில் எல்லாரும் போடுகிறார்களே என்று ஒரு நிறுவனத்தில் போட வைத்தவர் அவர்தான். நிறுவனத்தைப் பூட்டிவிட்டார்கள்.

"எல்லாம் என்னாலதான் டாக்டர். நான் ஒரு முட்டாள். தண்டனை அனுபவிக்க வேண்டியதுதான்" என்று அழுதார்.

"சரிம்மா, போலீஸில் புகார் கொடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஐயோ, வெளியே தெரிஞ்சா அசிங்கமில்லையா? பையன்கிட்டகூட இன்னும் சொல்லலை" என்றார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், வாசகர்களே. மூன்று மாதமாகத் தன்னைத் திட்டிக்கொண்டே இருந்தவர், செய்ய வேண்டிய ஒரே காரியத்தைச் செய்யவில்லை! தன்னைத் திட்டிக்கொள்வது பொறுப்புணர்ச்சி போலத் தோன்றும். ஆனால் அது நம்மைத் திருத்துவதில்லை, ஒளிந்துகொள்ளத்தான் வைக்கிறது.

அடுத்த வாரமே மகனை அழைத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தார். பணம் இன்னும் வரவில்லை. ஆனால் மகனிடம் சொன்ன அன்றைக்கு ராத்திரியே அஞ்சு மணி நேரம் தூங்கினதாகச் சொன்னார். மருந்தும் கொடுத்தேன், மறுக்கவில்லை. முதலில் வேலை செய்தது மருந்து இல்லை.

சித்த மருத்துவம் என்ன சொல்கிறது?

சித்த மருத்துவத்தில் உடலும் உள்ளமும் சேர்ந்த 96 தத்துவங்களில் 'அந்தக்கரணம்' என்று நான்கு உண்டு. மனம், புத்தி, சித்தம், அகங்காரம். ஒன்றை நினைப்பது மனம். அது சரியா தப்பா என்று பிரித்துப் பார்ப்பது புத்தி. உறுதியாகப் பிடித்துக்கொள்வது சித்தம். 'நான், எனது' என்று ஒட்டிக்கொள்வது அகங்காரம். 'அவள் வீடு கட்டிவிட்டாள்' என்பது மனத்தில் விழுந்த ஒரு செய்தி, அவ்வளவுதான். புத்தியிடம் போகாமல் அது நேரே அகங்காரத்திடம் போனால், 'நான் தோற்றுவிட்டேன்' என்று மாறிவிடுகிறது. அகங்காரம் என்றால் தலைக்கனம் மட்டும் இல்லை. 'நான் மட்டம்' என்பதும் அதன் வேலைதான்.

இன்னொன்றும் உண்டு. அடக்கக் கூடாதவை என்று பதினான்கு வேகங்களைச் சித்த மருத்துவம் சொல்கிறது. பசி, தாகம், தும்மல், சிறுநீர் ஆகியவற்றோடு தூக்கமும் கண்ணீரும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன! போனைப் பார்த்துக்கொண்டு தூக்கத்தை அடக்குகிறோம். 'யார் பார்த்தாலும் என்ன நினைப்பாங்க' என்று கண்ணீரை அடக்குகிறோம். இரண்டும் உடம்புக்கு ஆகாதவை. கண் விழித்தால் பித்தம் மிஞ்சும் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். நவீன மருத்துவமும், மனப் பதற்றத்தில் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் கூடுகின்றன, செரிமானமும் தூக்கமும் கெடுகின்றன என்றே சொல்கிறது.

சரி, என்ன செய்யலாம்?

1. போனுக்கும் ஒரு படுக்கை நேரம்: ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் செல்போன் கூடத்திலேயே கிடக்கட்டும். எழுப்புவதற்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாலைந்து நாள் கை பரபரக்கும். எப்போது புதுசாக ஏதாவது வரும் என்று தெரியாததால்தான் கை திரும்பத் திரும்பப் போகிறது. சூதாட்டத்தில் ஆளை உட்கார வைப்பதும் இதே தந்திரம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள், அடங்கிவிடும்.

2. 'விட்டுப்போனது' பட்டியல்: ஒரு நோட்டில் எழுதுங்கள். இந்த வாரம் எதைப் பார்த்து மனசு அடித்துக்கொண்டது? அதற்கு எதிரே இரண்டு கேள்விகள். 'இது எனக்கு நிஜமாகவே வேண்டுமா?' 'வேண்டுமென்றால் இந்த மாதம் செய்யக்கூடிய முதல் சின்ன வேலை எது?' ஊட்டிப் படம் பார்த்து ஏங்கினவருக்குத் தேவை ஊட்டியாகவே இருக்காது. குடும்பத்தோடு ஒரு நாள் சிரித்துப் பேசுவதாக இருக்கும். அதற்குப் பக்கத்து ஊர் ஆற்றங்கரையும் கட்டுச்சோறும் போதும்.

3. பண விஷயத்தில் ஒரு வாரம்: 'இன்றே கடைசி நாள்' என்று யார் அவசரப்படுத்தினாலும் ஏழு நாள் பொறுங்கள். வீட்டில் இரண்டு பேரிடமாவது சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஏழு நாள் பொறுக்காத திட்டம் நமக்கு வேண்டாம்.

4. தங்கச்சியிடம் பேசுவது போல: நீங்கள் செய்த அதே தப்பை உங்கள் தங்கச்சி செய்துவிட்டு அழுதால் என்ன சொல்வீர்கள்? "முட்டாள்" என்றா? "சரி விடு, நடந்தது நடந்துபோச்சு, இனிமே என்ன செய்யலாம்னு பார்ப்போம்" என்பீர்கள். அதே வார்த்தையை உங்களுக்குச் சொல்லிக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொன்னாலும் தப்பில்லை.

'இப்படித் தட்டிக்கொடுத்தால் சோம்பேறி ஆகிவிட மாட்டோமா?' என்று கேட்பீர்கள். நியாயமான சந்தேகம். ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2012-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பரீட்சையில் சறுக்கிய மாணவர்களில் தங்களிடம் பரிவோடு நடந்துகொள்ளும்படி சொல்லப்பட்டவர்கள், அடுத்த பரீட்சைக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள்! பரீட்சை முடிவு வரும் மாதத்தில் பெற்றோர்கள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "அடுத்த வீட்டுப் பையனைப் பாரு" என்ற ஒரு வாக்கியம்தான் பல பிள்ளைகளின் உள்ளே ஆயுள் முழுக்கத் திட்டும் குரலாக மாறுகிறது.

5. மூச்சு: பயம் கவ்வும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கு வழியாக மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்த நேரத்தைவிடக் கூடுதல் நேரம் எடுத்து வெளியே விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். ஐந்து நிமிஷம் போதும். படபடப்பு குறையும்.

6. வயிறும் எண்ணெயும்: படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இரவுச் சாப்பாட்டை முடியுங்கள். மாலை நாலு மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். குடித்து ஐந்தாறு மணி நேரமானாலும் காபியின் சத்தில் பாதி உடம்பிலேயே இருக்கும். செரிமானத்துக்குச் சீரகத் தண்ணீர் குடிக்கலாம். உடம்பு ஒத்துக்கொள்பவர்கள் வாரம் இருமுறை இளஞ்சூடான நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளியுங்கள். அன்றைக்குப் பகல் தூக்கம் கூடாது.

ஓர் எச்சரிக்கை

'அமுக்கரா சூரணம் தூக்கத்துக்கு நல்லதாமே' என்று தானாகவே வாங்கிச் சாப்பிடாதீர்கள். கர்ப்பிணிகள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. சோர்வும் மனத் தளர்ச்சியும் ரத்தசோகையாலும் தைராய்டு குறைவாலும்கூட வரலாம். ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்ற எண்ணம் வந்தால், அது சுபாவம் இல்லை, நோய். மனநல மருத்துவரை உடனே பாருங்கள். 'டெலி-மானஸ்' என்ற அரசு மனநல உதவி எண் 14416, 2022-லிருந்து செயல்படுகிறது. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. சித்த மருத்துவன் இப்படிச் சொல்கிறானே என்று யோசிக்க வேண்டாம். எந்த நோய்க்கு எந்த வாசல் என்று காட்டுவதும் வைத்தியம்தான்.

எல்லா விருந்துக்கும் போக யாராலும் முடியாது. போகாத விருந்தை நினைத்துக்கொண்டே இருந்தால் நம் இலையில் இருக்கிற சோறு ஆறிப்போகும். இன்று ராத்திரி ஒன்பது மணிக்குப் போனைக் கூடத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுங்கள். மற்றதை நாளைக்குக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்!