தாத்தாவின் சைக்கிளை எடைக்குப் போடாதீர்கள்!

உங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலோ மாட்டுக் கொட்டகையிலோ தாத்தா ஓட்டிய பழைய சைக்கிள் சாய்ந்து கிடக்கிறதா? பழைய இரும்பு வாங்குபவரிடம் அதைத் தூக்கிக் கொடுக்கும் முன் இக்கட்டுரையைப் படியுங்கள்.

நான் அப்படி ஒன்றை இழந்தவன். இராசிபுரம் அருகே எங்கள் ஊரில் என் தந்தையார் வைத்திருந்த ராலே சைக்கிளை, கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் நானே எடைக்குப் போட்டேன். அதன் பின்சக்கரத்தின் நடுவில் தடித்த உருளை ஒன்று இருந்தது. கைப்பிடியின் அருகே சிறு நெம்புகோல் ஒன்றும் இருந்தது. அவை எதற்கென்று நான் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, வகுப்பில் கோள் பற்சக்கரத் தொகுதியைக் கரும்பலகையில் வரைந்தபோதுதான் நான் விற்றது என்னவென்று புரிந்தது. அன்று தொடங்கிய தேடலில் இன்று என்னிடம் ஏழு பழைய சைக்கிள்கள் உள்ளன. முறை வைத்து ஓட்டுகிறேன்.

ஏழு என்பது சிறு எண்ணிக்கைதான். புனே நகரில் விக்ரம் பெண்ட்சே என்பவர் 150-க்கும் மேற்பட்ட பழைய சைக்கிள்களைத் திரட்டி அருங்காட்சியகமே அமைத்துள்ளார். இரண்டாம் உலகப் போரில் வான்குடைப் படையினருக்காக பி.எஸ்.ஏ. நிறுவனம் செய்த மடக்கு சைக்கிளும் அங்குண்டு. ஒரே வேலைக்கு இத்தனை வகை எதற்கு என்று கேட்கலாம். ஒன்றைப் பெற எதை விட்டுக்கொடுப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு சைக்கிளும் ஒரு விடை. பலவற்றை அருகருகே வைத்து ஓட்டினால்தான் இது விளங்கும்.

முதலில் ஒரு கணக்கு. 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.23 மீட்டர். மிதியுடன் இணைந்த பற்சக்கரத்தில் 48 பற்கள், பின்னால் 18 பற்கள் என்று கொள்வோம். மிதி ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 48/18, அதாவது 2.67 சுற்று சுற்றும். வண்டி சுமார் 5.95 மீட்டர் நகரும். 10 கிலோமீட்டர் செல்ல சுமார் 1,680 முறை மிதிக்க வேண்டும். ஒற்றைப் பல்விகிதமுள்ள சாதாரண சைக்கிளில் இந்த எண் மாறாது.

நம் ஊர் சமவெளிதானே, இது போதாதா? ஆடி மாதத்தில் இராசிபுரத்திலிருந்து மேற்கே திருச்செங்கோட்டை நோக்கி ஓட்டிப் பாருங்கள். அம்மியைப் பறக்கவிடும் ஆடிக் காற்று முகத்தில் அறையும். நீங்கள் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்ல, எதிர்காற்றும் அதே வேகத்தில் வீசினால், உங்கள் மேல் மோதும் காற்றின் வேகம் இரு மடங்கு. காற்றுத்தடை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே தடை நான்கு மடங்கு! சமவெளியில் காற்றே மலை.

என் தந்தையாரின் சைக்கிளில் இருந்த உருளை இதற்கான விடை. அது இங்கிலாந்தின் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் 1936-இல் கொண்டுவந்த ஏ.டபிள்யூ. என்னும் மூன்று வேக அமைப்பு. அதனுள், சுழலாத அச்சில் 20 பற்கள் கொண்ட ‘சூரிய’ப் பற்சக்கரம் உள்ளது. அதைச் சுற்றி ஒரு கூண்டில் நான்கு ‘கோள்’ பற்சக்கரங்கள். இவற்றை வளைத்து, உட்புறம் 60 பற்கள் கொண்ட வளையம். கூண்டு ஒரு சுற்று சுற்றினால் வளையம் 1 + 20/60, அதாவது 4/3 சுற்று சுற்றும்.

சங்கிலி கூண்டைச் சுழற்றி, வளையம் சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் 4/3 மடங்கு. சங்கிலி வளையத்தைச் சுழற்றி, கூண்டு சக்கரத்தைச் சுழற்றினால் 3/4 மடங்கு. வளையமே சக்கரத்தையும் சுழற்றினால் மாற்றமில்லை. குறைந்த வேகத்தில் பாதம் தர வேண்டிய விசை முக்கால் பங்காகக் குறைகிறது. ஆனால் அதே 10 கிலோமீட்டருக்கு 2,240 முறை மிதிக்க வேண்டும். விசை குறைந்தால் தூரம் கூடும்; செய்யும் வேலை குறையாது. பாடநூலில் நெம்புகோலுக்குப் படித்த விதி இதுதான் அன்றோ?

பழைய சைக்கிளை ஓட்டும் முன் பிரேக்குக் கட்டைகளையும் டயர்களையும் சரிபாருங்கள். எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிடிப்பு வெகுவாகக் குறையும், மெதுவாகச் செல்லுங்கள். மூன்று வேக உருளையில் எண்ணெய்த் துளை இருக்கும். அதில் மெல்லிய இயந்திர எண்ணெய் சில சொட்டு விடுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாகிவிடும்.

செய்து பாருங்கள்: உங்கள் சைக்கிளின் பற்களை எண்ணுங்கள். பின் டயரில் சுண்ணாம்புக் கோடிட்டு, தரையில் தள்ளிச் சென்று சுற்றளவை அளங்கள். ஒரு மிதிச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று கணக்கிடுங்கள். பிறகு தாத்தாவின் சைக்கிளையும் அவ்வாறே அளந்து ஒப்பிடுங்கள். பின்சக்கர நடுவில் தடித்த உருளை இருந்தால் துடைத்துப் பாருங்கள். அது செய்யப்பட்ட ஆண்டைக் குறிக்கும் எண் பொறிக்கப்பட்டிருக்கக்கூடும். தாத்தா இருந்தால், எந்தச் சாலையில் எந்த வேகத்தைப் போட்டார் என்று இன்றே கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.